நாட்டியக் கல்லூரியில் எந்த வகுப்பு?

(பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் வைகை அணையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் பொறியியலா, நர்சிங்கா, வேளாண்மையா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஓரிரு வீடுகளில் மட்டும் பிள்ளை, "நான் பரதநாட்டியம் படிக்கப் போறேன்" என்று சொல்லியிருக்கும். அந்த ஓரிரு வீடுகளுக்காகத்தான் இன்று பேச வந்தேன். அவர்களில் பலர் என்னிடம் கேட்பது, எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்பதுதான். கல்லூரிக்குள் எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்தில் இருக்கும் இந்த அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 ஜனவரியில் காமராசர் திறந்துவைத்தது. தேனி மாவட்டத்தில் விவசாயம் பார்க்கிற யாரும் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு மட்டம் எத்தனை அடி?" என்பதுதான். முழு மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மட்டம் 40 அடி என்று பேப்பரில் வந்தால் யாராவது அணையைக் கேவலமாகப் பேசுகிறோமா? இல்லை. அந்த எண்ணை வைத்துத்தான் எந்தப் பாசனத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் விடலாம் என்று முடிவு செய்கிறார்கள். 40 அடித் தண்ணீரை வைத்துக்கொண்டு 70 அடி இருப்பதாக நினைத்து மதகைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டிய வகுப்பில் முதலாண்டு, இரண்டாமாண்டு என்பதும் அப்படி ஓர் அளவுதான். அதில் மானமும் இல்லை, அவமானமும் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் அப்படிப் பார்ப்பதில்லை. "எம்புள்ள ஆறு வருஷமா ஆடுது சார், அரங்கேற்றமே முடிஞ்சிருச்சு. மறுபடியும் மொதல்லேருந்து எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆறு வருடம் வாரம் இரண்டு நாள் அழைத்துப்போய், சலங்கை பூஜைக்குச் செலவு செய்து, அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கியவர்கள் அவர்கள். அந்தச் செலவுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்லவேண்டும் என்றுதான் இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் நமக்கு எட்டும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிட்டத்தில் இருப்பது மதுரை பசுமலையில் உள்ள அரசு இசைக் கல்லூரி. சென்னை, திருவையாறு, கோவையிலும் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. இசைக்கும் கவின்கலைக்கும் என்று 2013-இல் தமிழ்நாட்டில் தனியாக ஒரு பல்கலைக்கழகமே தொடங்கப்பட்டது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி, சென்னை திருவான்மியூரில் கலாக்ஷேத்திரா. இவை தவிர, பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகின்றன; அங்கே பரதமும் ஒரு பாடம், சேருவதற்குப் பிளஸ் டூ வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம். பட்டம், பட்டயம், சான்றிதழ் என்று மூன்று விதமான கதவுகள் இருக்கின்றன என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் விதிமுறை மாறும்; விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாணவியின் நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் எத்தனை உருப்படி கற்றிருக்கிறாள் என்று எண்ணுவது நம் வழக்கம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று தஞ்சை நால்வர் வகுத்த வரிசையில் எதுவரை வந்திருக்கிறாள் என்று கேட்போம். வர்ணம் வரை வந்திருந்தால் பெரிய நிலை என்று நினைப்போம். அந்த எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. வர்ணம் ஆடத் தெரிந்த பெண்ணை நிறுத்தி, முதல் தட்டடவு போடச் சொல்வேன். "தெய்யா தெய்" என்ற சொல்லுக்குக் காலை மாற்றி மாற்றித் தட்டுவது. ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. அதை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், போடச் சொல்வேன்.

போடச் சொல்லிவிட்டு நான் அவளுடைய காலைப் பார்ப்பதில்லை. முட்டியைப் பக்கவாட்டில் விரித்து மடக்கி அவள் அரைமண்டியில் உட்கார்ந்ததும், பின்னால் இருக்கும் சுவரில் அவளுடைய உச்சந்தலை மட்டத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிடுவேன். அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். முதல் காலத்தில் தலை கோட்டிலேயே நிற்கும். இரண்டாம் காலத்தில் கொண்டை லேசாக மேலும் கீழும் ஆடத் தொடங்கும். மூன்றாம் காலத்தில், தாளம் தட்டும் தட்டுக்கழி வேகம் எடுத்ததும் தலை கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே போய்விடும். தட்டு விழுகிறது, தாளம் தப்பவில்லை, முகத்தில் சிரிப்புக்கூட இருக்கிறது. ஆனால் அரைமண்டி இல்லை. அவள் நின்றுகொண்டு ஆடுகிறாள். அது அவளுக்கே தெரியாது. அடுத்து முட்டியைப் பாருங்கள். பக்கவாட்டில் பாதத்தின் மேல் நேராக நிற்கவேண்டிய முட்டி, வேகம் கூடக் கூட முன்பக்கம் வந்து சேரும். தோள் மட்டத்தில் நீட்டிய கையின் முழங்கை மெல்லத் தொங்கும். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். ஆறு வருடத்தில் என்ன நடந்திருக்கிறது, என்ன நடக்கவில்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அப்பாவோ அம்மாவோ நாட்டியம் தெரிந்தவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சாக்பீஸ் ஒன்று போதும்.

தலை கோட்டிலேயே நின்றால், பிள்ளை அடுத்த கட்டத்துக்குத் தயார். ஏறினால், கல்லூரியில் முதலாண்டில் மற்றவர்களோடு சேர்ந்து தட்டடவிலிருந்து தொடங்குவது அவளுக்குக் கிடைக்கிற பாக்கியம். கலாக்ஷேத்திராவில் நான்காண்டுப் பட்டயப் படிப்புக்கு வருபவர்களில் வெளியே அரங்கேற்றம் முடித்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களும் முதலாண்டில் தட்டடவு, நாட்டடவு என்று அடியிலிருந்து வருவதுதான் அங்கே வழக்கம். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டவர்கள் பாதியில் நின்றார்கள். இன்னொரு முறை கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள் நாலாவது வருடம் மேடையில் நின்றபோது வேறு ஆளாக இருந்தார்கள்.

கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் பிறந்தது நம் மதுரையில், 1904-இல். இருபதுகளின் கடைசியில் ரஷ்ய பாலே நடன மேதை அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றார். உலகம் முழுதும் சுற்றியவர், அருண்டேலின் மனைவி, பிரம்மஞான சபையில் பெரிய இடத்தில் இருந்தவர். முப்பது வயதை ஒட்டி அவர் பரதம் கற்க வந்தார். முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். எனக்கு பாலே தெரியும், எனக்கு இன்ன வயதாகிறது, என்னை நடுவிலிருந்து தொடங்கவிடுங்கள் என்று சொல்லும் இடத்தில் இருந்தவர் அவர். பரதத்தின் முன்னே அவர் புது மாணவிதான், அப்படித்தான் நின்றார். 1935 டிசம்பரில் அடையாறில் முதல் முறையாக மேடை ஏறினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்திரா பிறந்தது. அந்த நிறுவனத்தை 1993-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

பாலே என்றதும் இன்னொன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்கலைக்கழகங்களில் நடனம் ஒரு பாடம். புதிதாகச் சேர்கிறவர்களைப் பல இடங்களில் முதல் வாரம் ஒன்றாக ஒரு வகுப்பில் ஆடவிட்டு, ஆசிரியர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துப் பிரிப்பார்கள். பாலேயில் மூன்றாம் நிலையில் இருக்கும் மாணவி நவீன நடனத்தில் முதல் நிலையில் இருக்கலாம், யாரும் வியப்பதில்லை. ஒரே நிலையை இரண்டு, மூன்று அரையாண்டுகள் தொடர்ந்து எடுத்துப் படிப்பதும் அங்கே சாதாரணம். தோற்றுப்போய்த் திரும்ப எழுதுவதாக அதை யாரும் நினைப்பதில்லை. அங்கே சின்னப் பெண்களுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருக்கும்: கால்விரல் நுனியில் நின்று ஆடும் அந்தக் கட்டைமுனைச் சப்பாத்தை எப்போது போடுவோம் என்று. அந்த முடிவைப் பெற்றோர் எடுக்க முடியாது. கணுக்கால் பலம் வந்ததா, எலும்பு முதிர்ந்ததா என்று பார்த்து ஆசிரியர் எடுப்பார். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் பொதுவாக வேண்டாம் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சப்பாத்தின் இடத்தில் அரங்கேற்றம் இருக்கிறது. ஆனால் அதன் தேதியை மண்டபம் கிடைப்பதை வைத்தும் மாமா வெளிநாட்டிலிருந்து வருவதை வைத்தும் முடிவு செய்கிறோம்.

இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அரைமண்டியில் கால் விரிவது பாதத்திலிருந்து அல்ல, இடுப்பு மூட்டிலிருந்து. இடுப்பெலும்பின் குழி ஒருவருக்கு ஆழமாக இருக்கும், ஒருவருக்குக் குறைவாக இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். வளர்ந்தபின் எந்தப் பயிற்சியும் அந்த எலும்பை மாற்றாது. இடுப்பு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுதான் பாதம் விரியவேண்டும். தன் நிலைக்கு மேற்பட்ட வகுப்பில் நிற்கும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் பாதத்தை மட்டும் இழுத்து விரிக்கும். இடுப்பு ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. அந்த முறுக்கோடு சிமெண்டுத் தரையில் நாள் முழுக்கத் தட்டினால் முட்டி வலி வரும், முன்னங்கால் எலும்பில் வலி வரும், குதிகாலில் வலி வரும். பத்தொன்பது வயதுப் பெண் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆடக்கூடிய பெண். அவளை இரண்டு வருடம் முன்னால் தள்ளிவிட்டது அவள் மேல் வைத்த பாசம்தான். அந்தப் பாசத்தின் பெயரில் இன்னொரு பிள்ளையின் முட்டி போகக்கூடாது என்பது என் மன்றாட்டு.

கல்லூரிக்குப் போகும்போது தரையைத் தொட்டுப் பாருங்கள். மரப்பலகைத் தரையா, கருங்கல்லா, டைல்ஸா என்று கேளுங்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எத்தனை கேள்வி கேட்பீர்களோ, அத்தனை கேள்வி தரையைப் பற்றியும் கேட்கலாம்.

இதுவரை காலைப் பற்றி மட்டுமே பேசினேன். ஆனால் நாட்டியம் கால் மட்டுமா? இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. எந்த மாணவியும் ஒரே ஒரு நிலையில் இருப்பதில்லை. கால் ஒரு நிலையில் இருக்கும், கை ஒரு நிலையில், முகம் ஒரு நிலையில், காது இன்னொரு நிலையில் இருக்கும். எந்த வகுப்பு என்று கேட்கும்போது இந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

இளங்கோவடிகள் இதை எப்போதோ தெரிந்து எழுதிவைத்துவிட்டார். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை மாதவியின் ஆட்டத்துக்காக மட்டும் படிக்கிறோம். அதில் கிட்டத்தட்டப் பாதி ஆசிரியர்களைப் பற்றியது. ஆடல் ஆசான் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும், இசை ஆசான், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை ஆசான், குழல் ஆசான், யாழ் ஆசான் எப்படிப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே விரித்துச் சொல்கிறார். அரங்கின் அளவைக்கூட விடவில்லை: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரசன் முன்னால் ஆடினாள், தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஏழு ஆண்டு என்றதும், "நம்ம பிள்ளையும் ஏழு வருஷம் கற்றுக்கொண்டதே" என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். அவளுக்கு அன்றாடம் பயிற்சி, அத்தனை ஆசான்கள். வாரம் இரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போன ஏழு வருடத்தை அதோடு வைத்துப் பார்க்க முடியாது.

காதின் நிலைக்கு ஓர் ஆளைச் சொல்கிறேன். தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி, ஜெயம்மாளின் மகள். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். உட்கார்ந்த இடத்தில் தாமே பாடி அபிநயம் பிடிப்பார். 1973-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் உரிய விருது ஒரு நாட்டியக் கலைஞருக்குப் போனது. நம் கல்லூரிகளுக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்குக் கால் இரண்டாமாண்டில் இருக்கும், காது எங்கேயும் இருக்காது. சி.டி. போட்டு ஆடிப் பழகியவர்கள். வர்ணத்தின் ராகம் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே வாயால் ஜதி சொல்லச் சொன்னால் கை நின்றுவிடும். அப்படிப்பட்ட மாணவிக்கு நட்டுவாங்க வகுப்பிலும் வாய்ப்பாட்டு வகுப்பிலும் முதல் வரிசையில், ஆரம்ப மாணவியாக உட்காரும் மனம் வேண்டும். அந்த வகுப்புகளைத் துணைப்பாடம் என்று நினைத்துக் கேண்டீனுக்குப் போகிறவர்கள் பிறகு ஆசிரியராகும்போது மாட்டிக்கொள்வார்கள். தட்டுக்கழி கையில் இருக்கும், சொல் வாயில் வராது.

முகத்தின் கதை வேறு. அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரை 28, தலை அசைவு 9, பார்வை 8, கழுத்தசைவு 4 என்று வரிசையாகத் தருகிறது. இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை அபிநயத்தில் உயர்ந்த நிலையில் இருப்பதாகப் பெற்றோர் நினைப்பார்கள். எழுத்துத் தேர்வுக்கு அது உதவும். பதினேழு வயதில் ஒரு பதத்தின் நாயகி என்ன வலியில் பேசுகிறாள் என்பது புரியாமல் இருப்பது தப்பில்லை. அதற்கு அவசரமும் இல்லை. காலுக்கு இளமையில் கற்பதுதான் எளிது. முகம் முப்பதிலும் ஐம்பதிலும் வளரும்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் இரண்டு நிலைகளைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது.

ஒன்று, கலைத் திருவிழா. 2022–23 முதல் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் நடத்துகிறது. எனக்கு அதில் மிகப்பெரிய மகிழ்ச்சி. எந்த நாட்டியப் பள்ளி வாசலையும் மிதிக்க முடியாத பிள்ளை அங்கே மேடை ஏறுகிறது. மாவட்ட அளவில் பரிசு வாங்கிவிட்டு, "நான் நாட்டியம் படிக்கணும்" என்று வருகிறது. விசாரித்தால், போட்டிக்காக மூன்று வாரத்தில் ஒரு பாட்டைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அடவு என்ற சொல்லையே அது கேட்டிருக்காது. இந்தப் பிள்ளையிடம் ஆசை இருக்கிறது, மேடைத் துணிவு இருக்கிறது, ஞாபகசக்தி இருக்கிறது, அடித்தளம் இல்லை. இதை நேரே பட்டப்படிப்பில் தள்ளினால், பத்து வருடம் கற்றவர்கள் நடுவில் நின்று மூன்றே மாதத்தில் மனசு ஒடிந்துபோகும். சேரும் முன்பாக ஓராண்டு உள்ளூர் ஆசிரியரிடம் அடவு மட்டும் கற்கட்டும். அல்லது வயது இருந்தால் இசைப்பள்ளியின் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு வரட்டும். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் நடனத்துக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இருக்கிறது. கீழ்நிலைத் தேர்வுக்குத் தயார் செய்வதே ஒரு ஒழுங்கைக் கொடுக்கும். ஓர் ஆண்டு வீணாகிறதே என்று அழாதீர்கள். நீட் தேர்வுக்கு இரண்டு ஆண்டு வீட்டில் உட்காரவைக்கிறோம், அப்போது வருடம் வீணாவதாகச் சொல்வதில்லையே.

இன்னொன்று, நம் தேவராட்டப் பிள்ளைகள். தேவதுந்துபி ஒலிக்க, காலில் சலங்கையும் கையில் குட்டையுமாக ஊர்த் திருவிழாவில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பின்னால் நின்று ஆடி வளர்ந்த பையன்கள். ராஜகம்பளத்தார் ஊர்களில் இது எந்த வகுப்பும் இல்லாமல் வருகிற வித்தை. ஒயிலாட்டம் ஆடிய பிள்ளைகளும் இப்படித்தான். இவர்கள் பரத வகுப்புக்கு வந்தால் படிவத்தில் "முன் அனுபவம்: இல்லை" என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இல்லையா? அடி மாறும் இடத்தைத் தேவதுந்துபி சொல்லும் முன்பே உணர்கிற காது அது. இருபது பேர் ஒரே நேரத்தில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்காமலே தெரிகிற உடம்பு அது. பரதத்தில் இவர்கள் அரைமண்டிக்கு முதல் நாள் மாணவர்கள், அதில் சந்தேகமில்லை. தாளத்தில் அவர்கள் பல இரண்டாமாண்டு மாணவர்களுக்கு மேலே. இப்படிப்பட்ட ஒருவனை அரைமண்டி வரவில்லை என்று எல்லாவற்றிலும் கடைசி வரிசையில் நிறுத்தினால் ஒரு நல்ல நட்டுவனாரை இழப்போம். தம்பிகளே, அந்தப் படிவத்தில் தேவராட்டம் என்று எழுதுங்கள். எத்தனை வயதிலிருந்து, யாரிடம், எந்தக் கோயில் திருவிழாவில் என்று முழுதாக எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் ஆடிக் காட்டுங்கள்.

மேலே தள்ளுவதால் வரும் கேட்டைப் பேசினேன். கீழே தள்ளுவதாலும் கேடு உண்டு. உண்மையாகவே தலை கோட்டில் நிற்கும் பிள்ளை, தாளமும் சொல்லும் சுத்தமாக இருக்கும் பிள்ளை, ஓராண்டு முழுக்கத் தெரிந்ததையே செய்தால் சலிப்பு வரும். சலிப்பில் கவனம் போகும், கவனம் போனால் சுத்தமும் போகும். பட்டப்படிப்பில் ஆண்டைத் தாண்டிக் குதிக்க விதி இடம் தராது. வேறு வழி இருக்கிறது. ஆசிரியரிடம் தனியாகப் பேசி, அடவு வகுப்பில் மற்றவர்களுக்கு நட்டுவாங்கம் செய்யும் பொறுப்பைக் கேளுங்கள். மேல் வகுப்பு உருப்படிகளை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். கேட்டு வருகிற பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள்தான் நாங்கள்.

நிலையைத் தேர்வு வைத்து அளக்கிற இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நம் மக்களிடையேயும் தரம் ஒன்று, தரம் இரண்டு என்று படிப்படியாகத் தேர்வு வைக்கும் முறை வேரூன்றியிருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளை முடித்து கலாவித்தகர் பட்டம் வாங்குவது அங்கே ஒரு குடும்பப் பெருமை. லண்டனில் பாலேக்குத் தேர்வு வைக்கும் ஆசிரியர் சங்கம் ஒன்று பரதத்துக்கும் அதே போலத் தரவரிசை வைத்துத் தேர்வு நடத்துகிறது. இந்த முறையில் நன்மை உண்டு: பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்கிறார், சொந்தக் குரு சொல்லத் தயங்குவதை அவர் சொல்லிவிடுவார். ஆனால் தேர்வுக்கான உருப்படியை மட்டும் மெருகேற்றி அடுத்த தரத்துக்குத் தாவும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. சான்றிதழோடு வருகிறவர்களையும் நான் சாக்பீஸ் கோட்டின் முன்னால்தான் நிறுத்துவேன்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். நேர்காணலுக்குப் போகும்போது பிள்ளைக்கு மிக நன்றாகத் தெரிந்த, எளிமையான ஓர் உருப்படியை ஆடச் சொல்லுங்கள். கஷ்டமான தில்லானாவைத் திணறி ஆடுவதைவிட அலாரிப்பைச் சுத்தமாக ஆடுவது மேல். தேர்வாளர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். "முதலாண்டில்தான் வைப்போம்" என்று சொன்னால் அங்கேயே வாதாடாதீர்கள். எதனால் என்று பணிவாகக் கேளுங்கள். "முட்டி முன்னால் வருகிறது" என்றோ, "தாளம் ஓடுகிறது" என்றோ குறிப்பாகப் பதில் சொன்னால், அது நல்ல இடம். பிள்ளையைத் தைரியமாக விட்டுவிட்டு வாருங்கள். காரணம் சொல்லாமல், "எங்கள் வழக்கம் அப்படி" என்று மட்டும் சொன்னால் இன்னொரு முறை யோசியுங்கள். முதல் வருடம் முழுக்கப் பிள்ளையிடம், "எப்ப மேடை ஏறுவே, டிவியில எப்ப வருவே" என்று கேட்காமல் இருங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாணவிகளே, வலி வந்தால் சொல்லுங்கள். தசை இழுத்துக்கொண்டு இரண்டு நாளில் போகும் வலி வேறு; மூட்டுக்குள் குத்துகிற, படி இறங்கும்போது தெரிகிற வலி வேறு. இரண்டாவது வலியை மறைத்து ஆடுவதில் எந்த வீரமும் இல்லை. ஆசிரியரிடம் சொல்லி ஒரு படி கீழே இறங்கி, இரண்டாம் காலத்தோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. நல்ல ஆசிரியர் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆண்டிபட்டி பஸ் இருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை எனக்கு வேறு வேலை இல்லை. விண்ணப்பப் படிவத்தோடு வந்திருப்பவர்கள் மட்டும் இருங்கள். பையில் தட்டுக்கழியும் சாக்பீஸும் கொண்டுவந்திருக்கிறேன். இந்த மேடை மரப்பலகைதான், பயப்படாமல் தட்டலாம். தேவராட்டத் தம்பிகள் முதலில் வாருங்கள்.